பேரம் இல்லாத கடையில்

அந்தா, வெள்ளை வண்டிக்கு அக்கட்டால மாதுளம்பழக் கலர்ல ஒண்ணு நிக்குது பாருங்க, அதுதானுங்க எங்க வண்டி. ஆயில் மாத்தோணும்னு கொண்டாந்தோம். ஒரு மணி நேரம் ஆகும்னாங்க, அப்படின்னா ரெண்டு மணி நேரம்னு வெச்சுக்கோணும். நீங்க இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க, அந்தச் சேரு ஆடுது. மெக்கானிக் பக்கத்துல கட்டம் போட்ட சட்டையில நின்னு வேடிக்கை பாக்கறாரே, அவருதான் எங்கூட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. கவர்ன்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு. எம் பேரு துளசிமணி.

வண்டி நல்லா இருக்குதுங்களா? புதுசு இல்லைங்க, ஓட்டின வண்டிதான். ஆனா அத வாங்கின விதம் இருக்குதே, அதச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பெருந்துறை ரோட்டுல ஒரு ஷோரூம் இருக்குதுங்க. பழைய காரையெல்லாம் கழுவித் தொடைச்சு வரிசையா நிறுத்தியிருப்பாங்க. வாசல்லயே ஆள் உசரத்துக்கு போர்டு. 'ஒரே விலை. பேரம் இல்லை.' அந்த போர்டு வெச்ச கடையில நான் அறுபத்தஞ்சாயிரம் குறைச்சு வாங்கினேன். நானுங்க. இவரு இல்லை.

எங்க சொந்தம் ஒறம்பரையில ஒரு கல்யாணம்னா, ஜவுளி எடுக்க மொதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட்டுல நான் ஒரு கடைக்குள்ள நுழைஞ்சா, பக்கத்துக் கடைக்காரரு எட்டிப் பாத்து "இன்னிக்கு நீங்களா?"ன்னு சிரிப்பாரு. காசுக்காகன்னு நினைக்காதீங்க. நானூறு சொன்னதை முன்னூத்தம்பதுக்குக் கேப்பேன். அவரு நூல் விலை ஏறிப்போச்சும்பாரு. ஏறட்டும், உங்க பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதாம்பேன். பேச்சு அப்படியே போயி, கடைசியில டீ வரும். சேலையும் வரும், அவரு ஊட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வரும்.

இவரு நேர் எதிருங்க. காலமெல்லாம் டிக்கெட் கிழிச்ச மனுசன். பதினேழு ரூபா டிக்கெட்டுன்னா பதினேழு ரூபாதான், அதுல பேசறதுக்கு என்ன இருக்குதும்பாரு. நான் கடையில வாயைத் தொறந்தாப் போதும், இவரு வெளிய போயி ரோட்டப் பாத்துட்டு நின்னுக்குவாரு.

போன வருசம் எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்க. ஆபரேசன் நல்லாத்தான் ஆச்சு. டாக்டரம்மா தையல் பிரிச்சு, நடங்க, சிரிங்க, எல்லாஞ் சாப்பிடுங்கன்னு அனுப்பிச்சாங்க. ஆனா என்னமோ தெரியலைங்க, எனக்கு எதுலயும் மனசே போகல. வெசனம்னும் சொல்ல முடியாது. அழுகையும் வரல. ஊட்டுல டிவி ஓடும், நான் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். யாராச்சும் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் கூப்பிட்டா, "நீங்களே எடுத்துக்கங்க சாமி"ம்பேன்.

எங்க வீதிக்குக் காய் கொண்டாருவா பாவாயின்னு ஒரு பொம்பளை. வெண்டைக்கா கிலோ அறுபதுன்னா ஒரு நாளு. நான் அறுபது ரூபாய எடுத்துக் குடுத்துட்டு உள்ள வந்துட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு அவ கூடைய வாசல்ல வெச்சுட்டு உள்ள வந்து, இவருகிட்ட "ஏனுங்க, அக்காளுக்கு மேலுக்குச் சொகமில்லைங்களா? கேட்ட விலையக் குடுத்துப்போட்டாங்க"ன்னு அழுகாத கொறையாக் கேக்கறா. அதுக்குப் போயி எதுக்குங்க இத்தனை? இவரு அன்னிக்கு மத்தியானம் சோறு திங்கல. வெயிலுக்கு வவுறு மந்தமாயிருக்கும்னு மோரக் கரைச்சுக் குடுத்தேன்.

அதுக்கப்பறம் ஒரு வாரத்துல, கார் வாங்கலாம்னு ஆரம்பிச்சுட்டாரு. செக்கப்புக்குக் கோயமுத்தூரு போயிட்டு வரோணும், பஸ்ல குலுங்குதுன்னாரு. பஸ்ஸையே கோயிலாட்டம் நினைச்சவரு! சரி, உங்க இஷ்டம்னேன்.

மொதல்ல பவானி ரோட்டுல கிட்டுசாமின்னு ஒரு புரோக்கருகிட்டப் போனோம். அங்க விலை பேசி வாங்கலாம், உனக்கு ஏத்த எடம்னு இவருதான் கூட்டிட்டுப் போனாரு. புளியமரத்துக்கடியில பத்து வண்டி. கிட்டுசாமி வெள்ளை வேட்டி கட்டிட்டு, ஒரு வெள்ளிக் கலர் வண்டியக் காட்டி, "ஒரு டாக்டரம்மா ஓட்டினதுங்க, ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குந்தான் போகும், அஞ்சேகால்"னாரு.

எனக்கு நிக்க முடியல. ஊட்டுக்குப் போயிப் படுத்தாப் போதும்னு இருந்துச்சு. "சரிங்க"ன்னுட்டேன்.

கிட்டுசாமியே திடுக்குன்னு பாத்தாரு. அவரு அஞ்சேகால்ல ஆரம்பிச்சு நாலுக்கு வர்றதுக்கு ரெடியா இருந்திருப்பாரு போல. இவருதான் என் கையப் புடிச்சு இழுத்துட்டு, "நாங்க யோசிச்சுச் சொல்றோமுங்க"ன்னு கூட்டிட்டு வந்துட்டாரு. வண்டியோட ரெண்டு கதவும் வேற பெயிண்டு, டாக்டரம்மாவும் இல்ல ஒண்ணும் இல்லன்னு வழியெல்லாம் திட்டிட்டே வந்தாரு. நானும் அதப் பாத்தேன். பாத்தும் சொல்லல. சொல்லி என்னாகப் போகுதுன்னு இருந்துச்சு.

அடுத்த ரெண்டு நாளும் சாயங்காலமானா இவரக் காணோம். கேட்டா, "பெருந்துறை ரோட்டுல ஒரு ஷோரூம், ஒரே விலையாம், ஏமாத்து இல்லையாம், சும்மா பாத்துட்டு வந்தேன்"னாரு. சும்மா பாக்க ரெண்டு நாளா? ஏசியில உக்காந்துட்டு காபி குடிச்சிருப்பாரு. ஆனா ரெண்டாவது நாளு வந்தப்ப மூஞ்சி தெளிவா இருந்துச்சு. "நாளைக்கு நீயும் வாரோணும்"னாரு. "ஒரே விலைன்னா நான் எதுக்குங்க?"ன்னேன். "கலரு பாக்க"ன்னாரு.

போனோம். வாசல்ல ஒரு புள்ளை, இருபத்தஞ்சு வயசிருக்கும், நீலக் கலர் சுடிதாரு, கழுத்துல கார்டு. கோகிலவாணின்னு பேரு. "வாங்க துளசிம்மா"ன்னா. நான் பேரே சொல்லலைங்க! கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன். அப்பறந்தான் புரிஞ்சுது. ஜவுளிக் கடைக்காரங்க வாயால நம்ம பேரு பெருந்துறை ரோடு வரைக்கும் வந்திருக்குது.

அவ நேரா இந்த மாதுளம்பழக் கலர் வண்டிகிட்டக் கூட்டிட்டுப் போனா. மத்த வண்டியிலெல்லாம் கண்ணாடியில அச்சடிச்ச ஸ்டிக்கரு. இதுல மட்டும் ஸ்கெட்ச் பேனாவுல நாலு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம்னு எழுதி ஒட்டியிருந்துச்சு, பசை கூடக் காயல. இப்பத்தான் வந்த வண்டியாட்ட இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

நான் சும்மா பாத்துட்டு நின்னேன். வாங்கற யோசனையும் இல்ல, வேண்டாங்கற யோசனையும் இல்ல. அப்ப அந்தப் புள்ளை சொல்றா: "அம்மா, இங்க பேரமெல்லாம் பேச முடியாதுங்க. உங்களாலயும் முடியாது."

உங்களாலயும்!

நான் கேட்டனாங்க? வாயைத் தொறந்தனா? எனக்கு அடிவவுத்துல இருந்து ஒரு சூடு ஏறுச்சு பாருங்க, ஆபரேசனுக்கப்பறம் மொதத் தடவையா எனக்குப் பசிச்சுது. "என்ன கண்ணு சொன்னே?"ன்னேன்.

அவ கொஞ்சம் பயந்துட்டா. எங்கூட்டுக்காரர ஒருக்கா பாத்தா. அப்பறம், "விலை ஒரே விலைதானுங்கம்மா"ன்னா.

"சரி, யாரு ஓட்டின வண்டி இது? பொறகால இந்தக் கீறல் என்ன? சீட்டுல என்ன வாசம், நாய் ஏத்தினாங்களா? ஆரன் அடி பாக்கலாம். ஏன் கண்ணு, சளி புடிச்ச மாதிரி கேக்குது?"

நிறுத்தலைங்க நான். வண்டியச் சுத்தி ரெண்டு சுத்து வந்தேன். எங்கூட்டுக்காரரு துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைச்சாரு. உடனே அவ, "உங்களுக்காகப் பத்தாயிரம் குறைக்கலாமுங்கம்மா"ன்னா. நான் சீட்டுக்குக் கீழ கம்பளத்தத் தூக்கிப் பாத்து ஒரு பேச்சுப் பேசினேன். இவரு மறுபடி மூஞ்சியத் தொடைச்சாரு, இன்னொரு பத்தாயிரம் எறங்குச்சு. ஏசி குளுகுளுன்னு ஓடுது, இவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுது! பாவம், நான் எங்க சண்டை கட்டிருவேனோன்னு அவருக்குப் பயம். எப்பவும் வெளிய போயி நிக்கறவரு, அன்னிக்கு ஒரு எட்டு நகரலை, பக்கத்துலயே நின்னாரு. அதையும் சொல்லோணும்.

நாலு இருபதுக்கு வந்தாச்சு. நான் விடுவனா? "நாலு லட்சம், முடிச்சுக்கலாம்"னு பையத் தூக்கிட்டு எந்திரிச்சேன். அந்தப் புள்ளைக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஐயோ, இல்லைங்கம்மா, நாலு இருபதுதான் கடைசின்னு சொன்னாரு"ன்னா.

"யாரு சொன்னா?"

இவரப் பாக்கறா, என்னப் பாக்கறா. "மே... மேனேஜருங்க"ன்னா.

சின்னப் புள்ளை, வேலைக்கு ஆபத்தாயிரும்னு விட்டுட்டேன். நாலு இருபது. மொதல்ல எழுதியிருந்ததுக்கும் இதுக்கும் அறுபத்தஞ்சாயிரம். அந்த போர்டுக்குக் கீழ! கோகிலவாணி கையக் குலுக்கி, "அம்மா, நீங்க பேசறத நாள் பூரா கேட்டுட்டே இருக்கலாமுங்க"ன்னா. அத மனசாரத்தான் சொன்னா.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லாயிருக்குமுங்க. இதுக்கப்பறம் நடந்தது எனக்கு அவ்வளவு பெருமையில்லாத விசயம்.

பக்கத்து மேசையில ஒரு சின்ன வயசுத் தம்பதி உக்காந்திருந்தாங்க. காஜா மைதீன்னு பேரு, பொஞ்சாதி ரஜியா, மடியில ஒரு கைக்கொழந்தை. நான் பேசினத அத்தனையும் கேட்டுட்டே இருந்திருக்காங்க. அந்தத் தம்பி எந்திரிச்சு மேனேஜருகிட்டப் போயி, "சார், எங்களுக்கு மட்டும் ஒரு ரூபா கூடக் குறைக்க முடியாதுன்னீங்க. அவங்களுக்கு எப்படிக் குறைச்சீங்க?"ன்னு கேட்டாரு.

மேனேஜரு மதிவாணன். டை கட்டின பையன். "அது வந்து சார், அது வேற கணக்கு"ன்னு இழுத்தாரு. என்ன வேற கணக்குன்னு தம்பி கேக்க, மேனேஜரு எங்கூட்டுக்காரரப் பாக்கறாரு, எங்கூட்டுக்காரரு தரையப் பாக்கறாரு. "துளசி, வா, நாம போலாம்"னு என் முழங்கையத் தொட்டாரு.

"இருங்க"ன்னேன். எனக்கு அப்பத்தான் சூடு புடிச்சிருக்குது. போயி ரஜியாகிட்ட உக்காந்து, "என்ன அம்மிணி, எந்த வண்டி?"ன்னு கேட்டேன்.

அந்தப் புள்ளைக்குத் தாளவாடியில டீச்சர் வேலை கெடைச்சிருக்குது. வாராவாரம் கோபியில இருந்து திம்பம் மலையேறிப் போயிட்டு வரோணும், கைக்கொழந்தையோட. வண்டி புடிச்சிருக்குது, டயரு மட்டும் மழமழன்னு இருக்குது. "விலையில கொஞ்சம் விட்டாங்கன்னா டயரு மாத்திக்கலாம்னு பாத்தோமுங்க அக்கா. இதுக்கு மேல எங்களால பொரட்ட முடியாது"ன்னா.

நான் மேனேஜரக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். சிரிச்சுப் பேசினேன். நடக்கல. அவரு ஊரு எது, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். ஊரு நம்பியூரு, அம்மா நல்லா இருக்காங்களாம், விலை மட்டும் குறையாதாம். கோவிச்சுப் பாத்தேன். "விலை கம்ப்யூட்டர்ல இருக்குதுங்கம்மா, நான் தொட முடியாது"ன்னாரு. சரி, கடைசி ஆயுதம். "வா அம்மிணி, ஊருல வேற கடையே இல்லையா"ன்னு பையத் தூக்கிட்டு வெளிய நடந்தேன்.

எத்தனையோ வருசமா நடக்கறேன். முழுசா வெளிய போறதுக்குள்ள பொறகால இருந்து "அக்கா, வாங்க, வாங்க"ன்னு கொரல் வந்துரும். அன்னிக்கு ஒரு கொரலும் வரலைங்க. ரோட்டோரக் கேட்டு வரைக்கும் போயிட்டேன். திரும்பிப் பாத்தா, மேனேஜரு உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்காரு. எங்கூட்டுக்காரரு துண்டு எடுத்து மூஞ்சியத் தொடைக்கிறாரு, தொடைக்கிறாரு, ஒண்ணும் நடக்கல. கோகிலவாணி நகத்தக் கடிச்சுட்டு நிக்கறா. நானா திரும்பி உள்ள வந்தேன். நெனைச்சுப் பாருங்க. யாரும் கூப்பிடாம நானா திரும்பி வந்தேன். இதெல்லாம் வெளிய சொல்ற விசயமா?

மேனேஜரு எந்திரிச்சு தண்ணி குடுத்தாரு. "அம்மா, நான் இன்னிக்கு உங்க பேச்சுக்காகக் குறைச்சேன்னு வெச்சுக்கங்க. நேத்து இதே மாதிரி வண்டி ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு, பேசத் தெரியாத மனுசன். அவருகிட்ட நான் என்ன பதிலுங்க சொல்றது?"ன்னாரு.

பேசத் தெரியாத மனுசன்னதும் எங்கூட்டுக்காரரத்தான் நெனைச்சேன். இவரு தனியா ஒரு கடைக்குப் போனா என்ன விலை குடுத்துட்டு வருவாருன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் சொல்றது நாயந்தான்னு பட்டுது.

"சரி கண்ணு, நாயம். விலையத் தொட வேண்டாம்"னேன். எல்லாரும் முடிஞ்சுதுன்னு நெனைச்சாங்க. நான் அந்த வண்டிகிட்டப் போனேன். ஆபரேசனுக்கப்பறம் தரையில குந்தினதே இல்லைங்க நான், அன்னிக்கு டயருகிட்டக் குந்திட்டேன். "இங்க வாங்க, மதிவாணன். இதுல கை வைங்க. பட்டன் ஏதாச்சும் தேயாம இருக்குதா?"

"ஓடற அளவுக்கு இருக்குதுங்கம்மா."

"பெருந்துறை ரோட்டுல ஓடும். திம்பத்துல மழை பேஞ்சா? வளைவு திரும்பறப்ப எதுத்தாப்புல கரும்பு லாரி வந்தா? நீங்க உங்க அம்மாள இதுல ஏத்திட்டுப் போவீங்களா? விலையக் கேக்கலை நான். அந்த விலைக்கு என்ன தர்றீங்கன்னுதான் கேக்கறேன். அதுல பேரம் இல்லைன்னு உங்க போர்டுல எழுதலையே?"

அவரும் எனக்கு எதுத்தாப்புல குந்தினாரு. டயரத் தடவிப் பாத்தாரு. ரஜியா கொழந்தை சிணுங்குச்சு. இன்னொரு வண்டி பாக்க வந்தவங்களும் வந்து நின்னு பாக்கறாங்க. கடைசியில அவரு எந்திரிச்சுப் போயி யாருக்கோ போன் போட்டாரு. நீளமாப் பேசினாரு. "ஆமா சார், மலைக்குப் போற வண்டி சார், நம்ம பேருதான் சார் கெடும்"னு சொன்னது காதுல விழுந்துச்சு.

வந்து, "நாலு டயரும் புதுசு போட்டுத் தர்றோமுங்க"ன்னாரு. "இனிமே மலைக்குப் போற யாரு வந்தாலும் டயரு பாத்துத்தான் குடுக்கோணும்னு ஓனரே சொல்லிட்டாருங்க."

ரஜியா என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. காஜா தம்பி "அக்கா, கோபிப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாரோணும்"னு அட்ரஸெல்லாம் சொல்றாரு. மேனேஜரு என்கிட்ட வந்து மெதுவா, "அம்மா, எங்க கடையில இதுவரைக்கும் யாரும் இப்படிப் பேசி வாங்கினதே இல்லைங்க. இது நெசமாலுமே"ன்னாரு.

"ஏனுங்க, அப்ப என் அறுபத்தஞ்சாயிரம்?"னேன். அவருக்கு இருமல் வந்துருச்சு.

எங்கூட்டுக்காரரத் தேடறேன், ஆளக் காணோம். ஒரு தூணுக்குப் பொறகால நிக்கறாரு. கண்ணெல்லாம் தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. என்னங்க ஆச்சுன்னா, "ஏசி ஒத்துக்கல துளசி"ங்கறாரு. மத்தியானம் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பேருக்கும் முழுச் சாப்பாடு சொன்னாரு. நானும் மிச்சம் வெக்காமத் தின்னேன். பில்லு வந்துச்சு, அப்பளத்துக்குத் தனியாக் காசு போட்டிருந்தாங்க. அதுக்கு நான் கல்லாவுல போயிப் பேசறப்ப, இவரு பக்கத்துலயே நின்னு என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு.

இப்ப எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க. அடுத்த மாசம் எங்க சின்ன நாத்தனாரு பொண்ணுக்குக் கல்யாணம், ஜவுளி என் பொறுப்பு. ஒரே ஒரு வருத்தந்தான். இவரு. ஊரெல்லாம் இந்த டயரு கதையத்தாங்க சொல்லிட்டுத் திரியறாரு. அறுபத்தஞ்சாயிரம் குறைச்சத ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. நான் எடுத்துச் சொன்னாலும், "அத விடு, டயரச் சொல்லு"ம்பாரு. விலையில ஒத்த ரூபா குறைக்க முடியாம, நானா திரும்பி வந்து தரையில குந்தினேன், அதுல என்னங்க பெருமை?

அங்க பாருங்க, இப்பவும் அந்த மெக்கானிக்கிட்ட ஆரம்பிச்சுட்டாரு. பையத் தூக்கிட்டு வெளிய நடந்து காட்டறாரு. அந்தா, திரும்பி வர்றாரு. ஐயோ, கீழ குந்திட்டாரு, டயருகிட்ட. முட்டிவலிக்காரரு, எப்படி எந்திரிப்பாரோ. அந்தப் பையன் வேலைய விட்டுப்போட்டு கேட்டுட்டு நிக்கறான்.

ஏனுங்க, நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க? இருங்க, என் பையப் பாத்துக்கங்க. நல்ல கதையிருக்க இந்த மனுசன் போயி தோத்த கதையச் சொல்லிட்டு இருக்காரு. நான் போயி அவரத் தூக்கி விட்டுட்டு, நடந்தத நடந்தபடி சொல்லிப்போட்டு வர்றேன்.